இடது தோள்கவசம்

சொல்லிவிடாதே பிள்ளை. எதை வேண்டுமானாலும் சொல், அதை மட்டும் சொல்லிவிடாதே.

பெர்னடெற் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மகனுடைய அறை வாசலில், கதவுநிலையில் தோளைச் சாய்த்தபடி நின்றாள். உள்ளே மேனுஷா முழந்தாளிட்டு, மரப்பெட்டியின் மேல் இருத்தி வைத்திருந்த சாமுராய்க் கவசத்தை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏல நிறுவனமொன்றில் பழைய ஆயுதங்களுக்குக் காலம் கணிப்பவள். கணவர் பெனடிக்ற்தான் கூட்டிவந்திருந்தார். கவசம் இந்த வீட்டை விட்டுப் போனால்தான் மனைவி இந்த அறையை விட்டு வருவாள் என்பது அவருடைய எண்ணம்.

மகன் ஜெனோசன் அதைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தவன். ஷிப்ட் முடிந்து வந்து, இரும்புத் தகடுகளைக் கயிற்றால் வரிவரியாகக் கோப்பான். இடது தோள்கவசத்தில் பாதி முடிந்திருந்தபோது, மழைநாளொன்றில் சைக்கிளில் போனவன் கோலியர்ஸ் வுட்டிலிருந்த இந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த சில வாரங்களில், அந்தப் பாதிக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது.

பிறகு இன்னொன்று.

மனைவிதான் இரவில் கோக்கிறாள் என்று பெனடிக்ற் சந்தேகித்தார். அவள் மறுக்கவில்லை. சருகின் மேல் யாரோ மெல்லக் கால்வைப்பதுபோல் தகடுகள் உரசும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கும். அப்போதெல்லாம் அவள் செபமாலையை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள். பிள்ளை வேலை செய்கிறான். அது போதும். மேசையிலிருந்த கயிற்றுருளை கொஞ்சமும் மெலியவில்லை என்பதைக் கண்டும் காணாமல் இருந்தாள்.

மேனுஷா தலைக்கவசத்தைக் கழற்றி, கவிழ்த்து உட்புறத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். தலை ஒரு காலம், உடம்பு இன்னொரு காலம், யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள் என்றாள். மார்பிலிருந்த குழி சண்டையில் பட்டதல்ல, செய்தவனே துப்பாக்கியால் சுட்டுச் சோதித்தது என்றும் சொன்னாள். உடம்புக்கு இருநூறு வயதுக்கு மேல் இருக்குமாம்.

"அப்ப பென்ஷனும் வருமோ?" என்றார் பெனடிக்ற். ஒருவரும் சிரிக்கவில்லை.

டோர்ச் வெளிச்சம் இடது தோளுக்கு வந்தது.

அங்கேயே நின்றது.

"மேல் வரியெல்லாம் நைலோன்," என்றாள் மேனுஷா. "நுனியை லைட்டரால சுட்டு ஒட்டியிருக்கிறார். அது உங்கட மகன்ர வேலை. கீழ இருக்கிறது ஆர் செய்தது, அன்ரி?"

"அவன்தான்."

"இல்லை, அன்ரி."

மார்புத் தகட்டின் அடியில், வெளிச்சம் படாத மூலையில், பழைய பட்டுக் கயிற்றின் மிச்சம் ஒட்டியிருந்தது. அவள் விரல் பட்டதும் அது பொடியாக உதிர்ந்தது. இரும்பு கலந்த கறுப்புச் சாயம் பட்டுநூலை அரித்துவிடும், இத்தனை காலத்துக்கு அப்படித்தான் உதிரும் என்று விளக்கினாள். தோளின் கீழ் வரிகளில் இருப்பதும் அதே சாயம், அதே பின்னல், முடிச்சை உள்ளே மடக்கும் அதே பழக்கம்.

"ரெண்டும் ஒரே கை," என்றாள். "ஆனா இது நேற்றுக் கட்டின மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவள் எதையும் தொடவில்லை. படம் எடுக்கவும் மறந்து பையை மூடினாள். அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி பெனடிக்ற் கார்த்திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பெர்னடெற் மகனுடைய கட்டிலில் உட்கார்ந்தாள். அவனை இரண்டாந்தரமும் அடக்கம் செய்துவிட்டு வந்தவளைப்போல் கைகள் மடியில் வெறுமையாகக் கிடந்தன. இத்தனை மாதமும் சுவருக்கு அப்பால் இருந்தது யார்? யாருக்காக மூச்சை அடக்கினாள்? அறையில் ஈர இரும்பும் பழம்புகையும் கலந்த ஒரு மணம். அதை அவனுடைய மழைக்கோட்டின் மணம் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

மார்கழி மாதம். பின்னேரமே இருட்டிவிட்டது.

தகடுகள் உரசின.

"அம்மா."

அவனுடைய குரல்தான். தடிமன் பிடித்து மூக்கடைத்தால் கொஞ்சம் கரகரக்குமே, அந்தக் கரகரப்பும் இருந்தது.

"அம்மா, நாடிக் கயிறைக் கட்டிவிடுங்கோ. எனக்கு எட்டேல்லை."

தரையில் தலைக்கவசம் இல்லை. அது தோள்களுக்கு மேலே இருந்தது. அதன் இரண்டு கயிறுகளும் முகவாய் இருக்க வேண்டிய வெறுமைக்குக் கீழே தொங்கின.

அவள் எழுந்து போனாள். கயிறுகளைக் கையிலெடுத்தாள். சற்றுமுன்வரை யாரோ அணிந்திருந்ததுபோல் அவை சூடாக இருந்தன. ஒரு முடிச்சுத்தான். போட்டுவிட்டால் இந்தக் குரல் போகாது. நாளைக்கும் அம்மா என்று கூப்பிடும். யாருடையதாக இருந்தால்தான் என்ன என்று நெஞ்சு கெஞ்சியது.

"அம்மா."

விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"ஏலாது," என்றாள், பிறத்தியார் பிள்ளையிடம் பேசுவதுபோல், தணிந்த குரலில். "நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது."