இரும்புச் சிலுவையடியில் எடுத்த கல்

மூடுபனிக்குள் நடந்தவர்கள் இருவர். ஆயினும் சரளைப் பாதையில் மூன்று ஊன்றுகோல்களின் ஓசை கேட்டது.

எர்மிந்தா நின்றாள். முன்னே சென்ற கணவன் உர்பானோவும் நின்றான். பின்னால் வந்த ஓசை மட்டும் இன்னுமொரு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது.

சந்தியாகப்பரின் கல்லறையை நாடிச் செல்லும் யாத்திரிகர், வீட்டிலிருந்து சுமந்துவந்த கல்லொன்றை மலையுச்சி இரும்புச் சிலுவையடியில் தம் துயரத்தோடு இறக்கிவைப்பர். அன்று பிற்பகல் அவள் வைத்தது ஊர் ஆற்றின் வெள்ளைக் கூழாங்கல். கணவனின் இதயநோய் அதனோடு அங்கேயே தங்கிவிட வேண்டும். அதற்காகவே இத்தனை தூரம் நடந்திருந்தாள்.

"என்ன கிழவா, மூச்சு வாங்குது?"

"பை கனக்குது. நீ திணிச்ச பாலாடைக்கட்டிதான்."

அவள் அவன் பையைத் துழாவினாள். அடியில், சிவப்பு நூல் சுற்றிய கறுப்புக் கல்.

"ஏது இது?"

"சிலுவையடிக் குவியல்ல கிடந்துச்சு. கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாமேன்னு..."

"அடப்பாவி மனுஷா! அடுத்தவன் இறக்கிவச்ச பாரத்தையா தூக்கிட்டு வந்தே?"

"மலையளவு கிடக்கு. சந்தியாகப்பர் எண்ணியா பார்ப்பாரு?"

சிரித்தான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அவனை ஒரு கற்சுவரில் அமர்த்திவிட்டு, ஈரக் கம்பளியும் புதிதாய்த் தோண்டிய மண்ணும் கலந்தாற்போன்ற வாடை அந்தக் கல்லைப் பற்றிய தன் உள்ளங்கையிலிருந்தே எழுவதை உணர்ந்தும் உணராதவளாய், பனியில் கரைந்தும் தோன்றியும் அலைக்கழித்த பாதையில் அவள் மேலேறி ஓடினாள். குவியலை அடைந்தாள். கறுப்புக் கல்லை வைத்தாள். சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள்.

பிறகுதான் பார்த்தாள்.

அவளுடைய வெள்ளைக் கல் இல்லை. அது இருந்த இடத்தில் ஈரமான குழி மட்டும்.

கீழே, பனிக்குள், ஊன்றுகோல் தட்டியது. உர்பானோ இருந்த திசையில். ஒருமுறை. மீண்டும். பிறகு இல்லை.

ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள்.

உர்பானோ சுவரருகே நின்றிருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"வச்சிட்டியா? வா, போகலாம். இப்ப எனக்குக் கனமே இல்ல."

"யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். மாத்திக்கலாம்னாரு."

அவள் அவன் மார்பில் கை வைத்தாள். அழுத்தி வைத்தாள்.

அசைவில்லை.

மூடியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளே அவளுடைய வெள்ளைக் கூழாங்கல் வெதுவெதுப்பாக இருந்தது.

அது துடித்துக்கொண்டிருந்தது.