காணாமல் போன ஒரு மணி நேரம்

கைப்பையைச் சோபாவில் வீசிவிட்டு, "நாளைக்கே வேலையை விட்டுடப் போறேன்" என்றாள் சித்தி.

துருவி வீட்டுப்பாடத்தை மூடி வைத்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அது.

"என்ன ஆச்சு சித்தி?"

"மணிக்கு நூறுன்னு சொன்னாங்க. அஞ்சு நாளும் ஏழரை மணி நேரம் போர்வை மடிச்சேன். மூவாயிரத்து எழுநூத்தம்பது வரணும். வந்தது மூவாயிரத்து நூத்திச் சொச்சம். மிச்சத்தை யாரு முழுங்கினாங்க?"

பல மாதம் அலைந்து, சலவைக்கூடத்தில் கிடைத்த வேலை. இதுதான் முதல் வாரச் சம்பளம். இதையும் விட்டுவிட்டால், சித்தி மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். அதை நினைக்கவே துருவிக்குப் பிடிக்கவில்லை.

"சம்பளச் சீட்டைக் கொடு, பார்க்கலாம்."

சீட்டில் வரி நூற்றுக்குப் பத்து என்றும், ஓய்வூதியம் நூற்றுக்கு ஐந்து என்றும் இருந்தது.

"நீ நூறு சம்பாதிச்சா கைக்கு எண்பத்தஞ்சுதான் வரும் சித்தி. பத்து அரசாங்கத்துக்கு. ரோடு போட, பள்ளிக்கூடம் நடத்த. அஞ்சு உனக்கேதான், வயசானப்புறம் தருவாங்க."

"அதுவரைக்கும் நான் போர்வை மடிக்கணுமாக்கும்" என்றாள் சித்தி. கோபம் பாதி இறங்கியிருந்தது.

துருவி எண்பத்தைந்தை முப்பத்தேழரையால் பெருக்கினாள். அப்போதும் கணக்கு உதைத்தது. சரியாக எண்பத்தைந்து குறைந்தது. அப்படியென்றால் ஒரு மணி நேர வேலையைக் காணோம். அது எங்கே போயிருக்கும்?

சீட்டை விளக்குக்கு அருகில் கொண்டுபோனாள். ஒவ்வொரு நாளுக்கும் நேராக 7.30 என்று இருந்தது. ஐந்தையும் கூட்டினால் 36.50.

"சித்தி, கடிகாரத்துல 7.30ன்னா ஏழரை. பெருக்கும்போது 7.5ன்னு போடணும். மணிக்கு அறுபது நிமிஷம்தானே, நூறு இல்லையே."

"அப்போ ஏமாத்தியிருக்காங்க. காலையில போய் உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"நானும் வரேன். முதல்ல நான் பேசறேன்."

மறுநாள் சலவைக்கூட அலுவலகத்தில், கணக்கர் அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். சித்தி வாயைத் திறக்குமுன் துருவி சீட்டை நீட்டினாள்.

"ஒரு சந்தேகம் அக்கா. அரை மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பளம்?"

"ஐம்பது."

"இங்கே முப்பதுதான் வந்திருக்கு. ஏன்னு சொல்றீங்களா?"

கணக்கர் அக்கா சீட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது.

"இதுவரைக்கும் எல்லாருக்கும் முழுசா எட்டு மணி நேர வேலை. போன வாரம்தான் ஏழரை மணி ஷிப்ட் ஆரம்பிச்சோம். கடிகாரத்துல இருந்ததை அப்படியே எழுதிட்டேன். என் தப்புதாம்மா. இந்த ஷிப்ட்ல இருக்கிற எல்லாருக்கும் குறைஞ்சிருக்குமே. இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

சித்திக்குத் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அப்போ எனக்கு நூறு வரும்" என்றாள்.

"எண்பத்தஞ்சு" என்றார்கள் துருவியும் கணக்கர் அக்காவும் ஒரே குரலில்.

சித்தி சிரித்துவிட்டாள். "நல்லா சேர்ந்தீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி, மேலங்கியை மாட்டிக்கொண்டு போர்வை மடிக்கப் போனாள்.