வாந்தி எடுக்காத பிள்ளை

நேற்றுக் காலையிலிருந்து ஆஸ்டின் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை.

கத்திப்பாரா மேம்பாலத்தில் கார் வளைந்து இறங்கும்போதுதான் ஜெசிந்தாவுக்கு அது உறைத்தது. சாந்தோமில் பஸ் ஏறினால் சைதாப்பேட்டை வருவதற்குள் அம்மா மடியை நனைத்துவிடுகிற பிள்ளை. ஏழு வயதாகியும் அப்படித்தான். இந்தத் தடவை சுற்றிப் பார்க்கக் காரிலேயே கிளம்பி, ஆக்ரா போய்ச் சேர்வதற்குள் இரண்டு கட்டு பிளாஸ்டிக் பை தீர்ந்தது. கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, மோந்துகொண்டே வா கண்ணா என்று வழியெல்லாம் கெஞ்சியிருக்கிறாள். திரும்பி வரும்போது, நாக்பூருக்கு முன்னால் ஒரு காட்டுச் சாலையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அதோடு சரி. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வந்தாயிற்று, ஒரு பைகூடச் செலவாகவில்லை.

"என்னங்க, இவன் வாந்தியே எடுக்கலையே."

ஓட்டிக்கொண்டிருந்த ஃபிரெட்ரிக் சிரித்தான். "இன்னா ஜெசி, புள்ள வாந்தி எடுக்கலன்னு கவலப்படுற மொத அம்மா நீதான். மாத்திர வேல செய்யுது, வுடு."

மாத்திரை நேற்றுக் காலை கொடுத்தது. ஒன்றே ஒன்று.

கிண்டியைத் தாண்டியதும் வனப் பூங்கா மதிலோரம் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மணி ஆறரை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மதிலுக்கு மேல் கவிந்திருந்த ஆலமரங்கள் தெருவிளக்கை மறைக்க, நனைந்த சருகும் ஈர மண்ணும் ஏதோ மிருகத்தின் மூத்திரமும் கலந்த வாடை ஏசி வழியாகக் காருக்குள் வந்தது. நேற்றுக் காட்டுச் சாலையில் அடித்த அதே வாடை. பின்சீட்டில் போர்வை அசைந்தது. மோப்பம் பிடிக்கிற சத்தம். நீளமாக, இரண்டு தடவை.

அவள் திரும்பினாள். கழுத்துவரை போர்வை. உடைந்த முன்பல்லோடு அவனுடைய சிரிப்பேதான். நேற்றிரவு ஹைதராபாத் ஓட்டலில் அவன் சாப்பிட்ட தட்டில் கோழி எலும்புகூட மிஞ்சவில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டானே என்று மாதாவுக்கு நன்றி சொன்னவளும் அவள்தான்.

"கண்ணா, லெமன் எங்கடா?"

கையை விரித்தான். முரட்டுப் பச்சைத் தோலோடு ஏதோ ஒரு காட்டுக் காய். எந்த மார்க்கெட்டிலும் அவள் பார்த்திராதது.

நேற்றுக் காலை அந்த டீக்கடை. பனிமூட்டம். மாத்திரை போட்டுப் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது போர்வை தலைவரை மூடி மேடாகக் கிடந்தது. அவள் விலக்கிப் பார்க்கவில்லை. எழுப்பினால் வாந்தி எடுப்பானே என்று, மேலாக ஒரு தட்டு தட்டிவிட்டு, "தூங்குறான், எடுங்க" என்றாள். கார் நகர்ந்தபோது பக்கக் கண்ணாடியில் ஒரு பையன் தெரிந்தான். கடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து கை ஆட்டினான். பனியில் முகம் தெரியவில்லை. கடைக்காரர் பிள்ளை போலிருக்கிறது என்று அவளும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி டாட்டா காட்டினாள்.

கடவுளே. டாட்டா காட்டினாள்.

மடியில் போன் அதிர்ந்தது. நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கும் தெரியாத நம்பர். கிரெடிட் கார்டு வேணுமான்னு கேப்பான், கட் பண்ணு என்று ஃபிரெட்ரிக் சொல்லியிருந்தான். அவளும் கட் பண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்று முறை.

எடுத்தாள். விரல் பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது.

"மம்மி?" கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். "வாந்தி எடுக்கத்தான் எறங்கினேன் மம்மி. நீங்க டாட்டா காமிச்சிட்டுப் போயிட்டீங்க. கடை அங்கிள் போன்ல எத்தன வாட்டி அடிச்சேன், எடுக்கவே மாட்டேன்றீங்க."

ஃபிரெட்ரிக்கின் கைகள் ஸ்டீயரிங்கிலிருந்து நழுவின. அவன் பின்னால் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. உதடு மட்டும் ஏசுவே, ஏசுவே என்றது.

"ஆஸ்டின், என் தங்கமே, கடைக்குள்ள போய் உக்காரு. அப்பாவும் நானும் இப்பவே கெளம்பி வரோம். எங்கயும் போவாதடா. யார் கூப்பிட்டாலும் போவாத."

அந்தப் பக்கம் சில்வண்டுச் சத்தம். ஒரு கணம். பிறகு அவன் சிரித்தான். அழுது முடித்த குழந்தையின் சிரிப்பு.

"போங்க மம்மி, ஏமாத்துறீங்க. அதான் வந்துட்டீங்களே!"

"என்னடா சொல்ற?"

"ரோட்டுக்கு அந்தாண்ட மரத்துகிட்ட நிக்கிறீங்களே. ப்ளூ சுடிதார். டாட்டா காட்றீங்க. இருங்க, வந்துட்டேன்."

அவள் குனிந்து தன் நீலச் சுடிதாரைப் பார்த்தாள்.

"போவாத! அது நான் இல்ல! ஆஸ்டின், நான் இல்லடா!"

இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தாள். சுவிட்ச் ஆஃப். இன்னொரு முறை. சுவிட்ச் ஆஃப். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

பின்சீட்டில் போர்வை நழுவி விழுந்தது. அது சீட்டின்மேல் மண்டியிட்டு, பின்கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, பூங்கா மதில்மேல் கவிந்த இருட்டைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தது.