நேராக நின்றவள்

தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி தன் தூண்களிலிருந்து கீழ்நோக்கித் தொங்கியபோது அவள் பதறவில்லை. தூண்கள் மேலே, தொட்டி கீழே, அதற்கும் கீழே சிவந்து மங்கிக்கொண்டிருந்த அந்திவானம். ஒரு காக்கை வயிறு மேலாகப் பறந்து போனது. எல்லாம் சொன்னபடியே இருந்தது. தொட்டியை ஒட்டி, வானத்தில், ஒரு சின்ன உருவம் தெரிந்தது. அது மட்டும் நேராக இருந்தது.

குழாயில் தூசி இருக்கும் என்று நினைத்தாள். கண்ணை எடுத்துவிட்டு வெறுமனே பார்த்தாள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வீடுகள், கம்பிகள், துணி காயும் கொடிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் தொட்டி. அதன் மேல் ஒன்றுமில்லை.

இந்தத் தொலைநோக்கி மகளுடைய ஆசை. காலேஜ் போகும் வயதிலும் வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. "பெட்டி மேல ஐநூறு மடங்கு பெருசா தெரியும்னு போட்டிருந்தா அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதம்மா. சுத்த ஏமாத்து வேலை. கண்ணாடி எவ்வளவு அகலம்னு மட்டும் கேளு. அகலமா இருந்தாத்தான் வெளிச்சம் உள்ள வரும்." மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவளைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அம்மாவின் வேலை. மகளின் நெஞ்சையும் அவளேதான் படம் எடுத்தாள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ வாண்டு" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்னாள். வாண்டுவால் பிடிக்க முடியவில்லை.

போன வாரம் வேலை முடிந்து வரும் வழியில், தன்னையறியாமல் அந்தக் கடைக்குள் நுழைந்திருந்தாள்.

"யாருக்குங்க, பிள்ளைக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஆமா, பொண்ணுக்கு."

"அப்போ கீழ போட்டாலும் தாங்குற மாதிரி ஒண்ணு தரட்டுமா?"

"வேண்டாம். அவ கவனமா வெச்சுப்பா."

அவர் பளபளவென்றிருந்த ஒல்லிக் குழாய் ஒன்றை முதலில் காட்டினார். அவள் கண்ணாடியின் அகலத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, அதை ஒதுக்கி வைத்தார். பிறகு உள்ளேயிருந்து தூக்கிக்கொண்டு வந்ததுதான் இந்தக் குட்டைக் குழாய். குடம் நுழையும் அளவு அகலவாய், அடியில் குழிந்த கண்ணாடி, உட்கார வைக்க ஒரு மரப்பீடம். வாய்க்குப் பக்கத்திலேயே, விலாவில், கண் வைக்கும் இடம். அங்கே மாட்டுவதற்கு, நம்பர் பொறித்த மூன்று கண்வில்லைகளை, ஐபீஸ்களை, துணியில் பரப்பினார்.

"நம்பர் குறையக் குறைய உருவம் பெருசாகும், ஆனா இருட்டாகும். முதல்ல பெரிய நம்பர் போட்டுத் தேடுங்க. அகப்பட்டதும் சின்னதுக்கு மாறுங்க. எடுத்த உடனே சின்னதை மாட்டிட்டு ஒண்ணுமே தெரியலையேன்னு எங்கிட்ட சண்டைக்கு வராதவங்க கிடையாது." பக்கத்துக் குமிழைத் திருப்பிக் காட்டினார். "மங்கலா இருந்தா இதைத் திருப்பணும். தூரத்துல இருக்கிறதுக்கு உள்ள போகும். கிட்ட இருக்கிறதுக்கு வெளிய வரும்."

மூன்றையுமே வாங்கிக்கொண்டாள்.

இப்போது மாடியில் காற்று நின்றுபோயிருந்தது. கீழ்வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனதில் வாளி நிரம்பி வழியும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையிலிருந்து கிளம்பிய சூட்டோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைத்த மருந்துநீரின் வாடையும் கலந்து வருவது போலிருந்தது. தன் புடவையில் ஒட்டிக்கொண்டு வந்த வாடைதான் என்று சொல்லிக்கொண்டாள். வேலைக்குப் போய்வந்த புடவையை அவள் எப்போதோ மாற்றியிருந்தாள்.

பெரிய நம்பரைக் கழற்றிவிட்டு நடுநம்பரை மாட்டினாள்.

ஒரு பெண். பாதங்கள் வெறும் வானத்தில் ஊன்றியிருந்தன. பின்னல் முதுகில் விழவில்லை. உச்சந்தலையிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி, கயிறு போல, விறைத்து நின்றது.

எக்ஸ்ரே படத்தில் இடது என்பது உடம்பில் வலது. வருஷக்கணக்காகப் படத்தைத் திருப்பித் திருப்பியே பார்த்துப் பழகிய மனசு, அவள் கேட்காமலே இதையும் திருப்பிப் போட்டது. இங்கே நேராகத் தெரிந்தால் அங்கே தலைகீழ். பின்னல் நிற்கவில்லை, தொங்குகிறது. அந்தப் பெண் நிற்கவில்லை. வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கை கேட்கவில்லை. சின்ன நம்பரை எடுத்து மாட்டியது.

முகம். முகம் மட்டும்.

"வாண்டு" என்றாள், சத்தமில்லாமல்.

பின்னால் படியேறும் காலடி கேட்டது. கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர்களிடம் பிரேக், கிளட்ச் என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயே திறக்காதவராகிப் போயிருந்தார். மகள் போன பிறகு மாடிக்கு வந்ததே இல்லை.

"டீ ஆறிப்போச்சு. இங்க என்ன பண்றே?"

அவள் பதில் சொல்வதற்குள் குனிந்து கண்ணை வைத்துவிட்டார். அவர் முதுகு ஒருமுறை குலுங்கியது.

"ஏம்மா..." என்றார். "நம்ம புள்ளை."

"என்னங்க, போதும். வாங்க கீழ போலாம்."

"நல்லா இருக்காம்மா. நேரா நின்னுக்கிட்டு இருக்கா பாரு. கடைசி வாரம் தலையைக்கூடத் தூக்க முடியாம கிடந்தாளே. இப்போ நேரா நிக்கிறா." அவர் அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எத்தனை மாதமாயிற்று! கண்ணாடி எதையும் தலைகீழாகத்தான் காட்டும் என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். அவர் கன்னத்தில் நீர் வழிந்து ஐபீஸின் ரப்பர் விளிம்பில் தேங்குவதைப் பார்த்தாள். சொல்லவில்லை.

"மங்குது" என்றார். குமிழைத் திருப்பினார். "ஆங், இப்போ சரியாப் போச்சு."

குமிழ் எந்தப் பக்கம் திரும்பியது என்று அவள் பார்த்துவிட்டாள். ஐபீஸ் வெளியே வந்திருந்தது.

"மறுபடியும் மங்குது." திருப்பினார். இன்னும் வெளியே. "சிரிக்கிறா. ஏதோ சொல்றா."

"எந்திரிங்க. உங்க கால்ல விழறேன், எந்திரிங்க."

"சும்மா இரு. அப்பான்னு சொல்றா."

அவள் வானத்தைப் பார்த்தாள். தொட்டி வரைக்கும் வெட்டவெளி. ஒன்றுமில்லை. கொடியில் காய்ந்த துணிகள் மட்டும் ஒவ்வொன்றாக அசைந்தன. தூரத்து மாடியில் ஒரு போர்வை. அதற்கு இந்தப்பக்கம் ஒரு சட்டை. பிறகு அடுத்த வீட்டுக் கொடியில் ஒரு துண்டு. காற்றே இல்லை.

"கண்ணு மட்டும்தான் தெரியுது இப்போ. எவ்வளவு பெருசு!" குமிழைத் திருப்பினார். அது நின்றுவிட்டது. இதற்குமேல் வெளியே வர இடமில்லை.

கீழ்வீட்டில் தண்ணீர் வழியும் சத்தம் நின்றது.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மருந்துநீர் வாடை. தலைக்கு மேலிருந்து.

"இருட்டாயிடுச்சே" என்றார் கணவர், கண்ணை எடுக்காமல். "ஒண்ணுமே தெரியல. எங்க போயிட்டா?"

அவள் பார்த்தாள்.

குழாயின் வாய் அடைபட்டிருந்தது. மேலே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, வெளுத்த கழுத்து ஒன்று இறங்கி வளைந்து, முகத்தைக் குழாய்க்குள் காதுவரை நுழைத்திருந்தது. பின்னல் நுனி தரையைத் தொட்டுத் தொட்டு ஆடியது. அவர் நெற்றிக்கும் அந்தத் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி. உள்ளே, கண்ணாடிக்கு அருகில், மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். விடும் சத்தமே இல்லை.

அவர் கை குமிழைத் துழாவியது. மேலிருந்து ஒரு கை இறங்கி அந்தக் கையின் மேல் மெதுவாகப் படிந்தது.

"கையை எடும்மா" என்றார் அவர், அன்பாக. "நானே திருப்பிக்கிறேன்."

அவளுடைய இரண்டு கைகளும் அவள் வாயைப் பொத்தியிருந்தன.