முந்நூறு வாட்

மாடிப்படிக்கு அடியில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரின் சின்னத் திரை, லோடு அறுநூறு வாட் என்று காட்டியது. அவள் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அறுநூறுதான். வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, படுக்கையறையில் கணவருக்கு மூச்சு கொடுக்கும் ஆக்ஸிஜன் மெஷின். அது முந்நூறுக்கு மேல் ஒருநாளும் இழுத்ததில்லை.

மழை நாலு நாளாக விட்டபாடில்லை. மரம் விழுந்து தெருவுக்கே கரண்ட் இல்லை. மொட்டைமாடியில் இருந்த சோலார் தகடுகள் வெயிலையே பார்க்காமல் சும்மா நனைந்துகொண்டிருந்தன. பாட்டரி இறங்கும்போதெல்லாம், கொல்லையில் தகரத்துக்கு அடியில் கிடந்த ஜெனரேட்டரை அவளே கயிற்றை இழுத்து ஓட்டுவாள். அது ஓடினால் மெஷினும் ஓடும், பாட்டரியும் ஏறும். தோள்பட்டை கழன்று விழாத குறை. இன்று மத்தியானம் கேனில் இருந்த கடைசிச் சொட்டு பெட்ரோலும் தீர்ந்து, அது இருமிவிட்டு நின்றது. இனி பாட்டரி மட்டும்தான். வெளியே சாயங்காலமே கன்னங்கரேலென்று இருட்டியிருந்தது.

எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டாள்.

"முந்நூறா இருந்தா விடியற வரைக்கும் தாங்கும்க்கா. அறுநூறுன்னா பாதி ராத்திரியிலயே படுத்துடும். ஃப்ரிட்ஜ் ஏதாவது ஓடுதா?"

"ஃப்ரிட்ஜை நிறுத்தி மூணு நாளாச்சு தம்பி. உள்ள இருக்கற பால் நாத்தத்துல நானே போய்ச் சேந்துடுவேன் போலிருக்கு."

"சரி, பெட்ரூமை விட்டுட்டு மத்த பிரேக்கரையெல்லாம் ஒண்ணொண்ணா இறக்குங்க. எதை இறக்கினா லோடு குறையுதுன்னு பாருங்க."

இறக்கினாள். கூடம், சமையலறை, மாடி, மோட்டார். அறுநூறு அசையவில்லை.

"அப்ப பெட்ரூம்லதான் ஏதோ இழுக்குது. அங்க என்னென்ன இருக்கு?"

"ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதுல மெஷின்."

பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, காலையில் எப்படியாவது பெட்ரோலோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். நல்ல நேரம் பார்த்து வாங்கிய இன்வெர்ட்டர் என்று அவள் முணுமுணுத்தாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்கு வந்தாள். ஈரச் சுவரின் வாடையும் தைலத்தின் வாடையும், மெஷின் சூட்டில் கிளம்பும் பிளாஸ்டிக் வாடையும் கலந்து அறைக்குள் அடைத்துக்கொண்டு நின்றன. கட்டிலின் இந்தப் பக்கம் தரையில் மெஷின், அதிலிருந்து போகும் குழாய், குழாயின் முனையில் அவர் முகத்தை மூடியிருந்த மாஸ்க். மெஷின் புஸ்ஸென்று விடும், கொஞ்சம் நிற்கும், மறுபடி புஸ்ஸென்று விடும். இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுகிறாள்.

இன்று அது நிற்கிற இடத்தில் இன்னொரு புஸ் கேட்டது.

கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். செருப்பு, தூசி. வேறொன்றும் இல்லை.

"வந்துட்டியா?" மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் குரல் தூக்கக் கலக்கத்தில் வந்தது. "கொஞ்சம் தள்ளிப் படேன். உன் மூச்சு என் கழுத்துல படுது."

அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். சுவரோரம், அவள் படுக்கும் பக்கம், போர்வை சுருண்டு கிடந்தது. அதன் மேல் டார்ச்சைத் திருப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இதோ வந்துட்டேங்க" என்றாள். இவரை இங்கே விடக் கூடாது. கூடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும், மெஷினோடு. அதற்குக் கூடத்துப் பிளக்கில் கரண்ட் வேண்டும். மாடிப்படிக்கு ஓடினாள்.

கூடத்து பிரேக்கரை ஏற்றக் கை நீட்டியபோது திரையில் எண் மாறியது.

முந்நூறு.

அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். முந்நூறு. முந்நூறுதான். உள்ளேயிருந்து இப்போது ஒற்றைப் புஸ்தான் கேட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. விடியற வரைக்கும் தாங்கும். மனுஷன் பிழைத்தார். பைத்தியக்காரி, என்னென்னவோ நினைத்துப் பயந்து செத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என்னங்க, சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

டார்ச் வெளிச்சம் முதலில் தரையில் விழுந்தது. மெஷினின் பச்சை விளக்கு எரியவில்லை. பிளக் மாட்டியபடியே இருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மேலே கை வைத்தாள். அதிரவில்லை.

புஸ்.

சுவரோரமிருந்து வந்தது.

டார்ச்சைத் தூக்கினாள். அவர் வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. கன்னத்தில் மாஸ்க் அழுந்திய சிவப்புக் கோடு. மாஸ்க் இல்லை.

குழாய் அவர் மார்பைத் தாண்டிப் போனது.

அவளுடைய தலையணையில், ஆள் இல்லாத பள்ளத்தின் மேல், மாஸ்க் நிமிர்ந்து நின்றது. அதன் உட்புறம் வெள்ளையாக ஆவி படிந்தது. தெளிந்தது. மறுபடி படிந்தது.