கண்ணாடியைக் கழற்றிய பிறகு

ஜன்னலை அடைத்தாயிற்று, திரையை இழுத்து விட்டாயிற்று, ஃபிளாஷையும் அணைத்தாயிற்று; ஆனாலும் அந்த அம்மா மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்த படத்தின் கண்ணாடியில், சரியாக மகனின் முகத்தின் மேல், ஒரு வெள்ளைத் திட்டு பளபளத்தது.

அவன் காணாமல் போய் ஏழு வாரம். படம் நாளைய பத்திரிகைக்கு. முகம் தெளிவாக விழுந்தால்தான் எங்காவது யாராவது அடையாளம் சொல்வார்கள்.

“மேல்பக்கத்தைக் கொஞ்சம் என் பக்கம் சாய்ச்சுப் பிடிங்கம்மா,” என்றான் போட்டோக்காரன்.

படம் சாய்ந்தது. திட்டு நகரவில்லை. அவன் இடப்புறம் போனான், மண்டியிட்டான், முக்காலி மேல் ஏறியும் பார்த்தான். எந்த வெளிச்சமும் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்காது.

“உங்க பையன் ரொம்பத்தான் பிகு பண்றான்.”

“அவனுக்குக் கேமரான்னாலே ஆகாது தம்பி. கையைக் காலைக் கட்டித்தான் நிக்க வைக்கணும்.” அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற, அவள் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்த பட்டுப்புடவையின் பாச்சா உருண்டை வாடைக்கு அடியில் வேறொரு வாடை, குளத்தடிச் சேற்றின் வாடை, மெல்ல மெல்ல அறையை நிறைப்பதை உணர்ந்தபடியே, எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கினான்.

திட்டுக்கு ஐந்து விரல்கள் இருந்தன.

வாசல் நாலடி தூரம்தான். கால் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டது.

“தலைமுடி சரியா இருக்கா தம்பி? பேப்பரைப் பார்த்தா என்னையும் அவனுக்கு அடையாளம் தெரியணுமில்ல?”

போக மனம் வரவில்லை. கடவுளே, இந்த ஒரு படம்.

“கண்ணாடியைக் கழட்டிடலாம்மா.”

பின்பக்க ஆணிகளை நெம்பினான். கண்ணாடியை உருவிச் சுவரோரம் சாய்த்தான். விரல் நுனிகள் மரத்துப்போயின. படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறடி பின்வாங்கினான். இப்போது வெறும் காகிதம். பளபளப்பு இல்லை. மோவாய் மச்சம்கூடத் தெரிந்தது.

கிளிக்.

“முகம் தெரியுதா தம்பி?”

திரையைப் பார்த்தான். தெரிந்தது. மகனின் முகம்.

அவளுடையது தெரியவில்லை.

தலையை நிமிர்த்தினான். நாற்காலிக்குப் பின்னால் சுவர் மட்டும். ஆனால் அவள் கண்களைப் பின்னாலிருந்து பொத்தியபடி இரண்டு கைகள். வெளுத்தவை. ஊறியவை.

அவள் திடுக்கிடவில்லை. படத்தைக் கீழே வைத்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“வந்துட்டியாடா?”

சேற்றுநீர் கன்னத்தில் வழிய வழிய, அவள் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.