வணக்கம் முதலில், காற்று பிறகு

இரு கோள்வாழ் மக்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: மனித வரலாற்றில் முதன்முறையாக, செவ்வாயின் புதுச்செம்பாக்கம் குடியிருப்பு தன் இயந்திரங்களுக்கு மரியாதை கற்பித்துவிட்டது!

அறிவிப்பு வெளியான மறுநாள் காலை, நான்காம் வளையத்துக்காரர்கள் வழக்கம்போல் பல் தேய்ப்பதற்கு முன் சுவரில் விரலை வைத்தார்கள். வைத்தால் அன்றைய பங்குக் காற்று திறக்கும். அன்று திறக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். உள்ளே மிச்சமிருந்தது நாற்பது நிமிடக் காற்று.

பழுதுபார்க்கும் மரகதம் பெட்டியோடு ஓடி வந்தாள். பின்னாலேயே குடியிருப்புத் தலைவரின் செயலர் சிங்காரவேலு.

காற்று, தண்ணீர், கதவு எல்லாவற்றையும் நகத்தளவுக் குறுமூளைகள் பார்த்துக்கொள்கின்றன. வளையத்துக்கு அறுபது, அறுபதுக்கும் சேர்த்து ஒரே ஜோடி வயர். ஒன்று பேசினால் மற்றவை வாய்மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி. முடிக்காவிட்டால் தாய்மூளை அடுத்ததைக் கூப்பிட்டுவிடும். மனிதர்களுக்கு இன்னும் கைவராத ஒழுக்கம்.

வயர் அறுந்திருக்கிறதா, முனை கழன்றிருக்கிறதா, எல்லாம் ஒரே வேகத்தில் பேசுகின்றனவா என்று மரகதம் பார்த்தாள். பழுதில்லை. செவிமானியை வயரில் மாட்டினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஒட்டுக்கேக்கறேன் சார். நீங்களே பாருங்க."

அதன் திரையில் ஓடியது: 'செங்கோளின் சிங்கமே, வளையங்களின் வள்ளலே, மாண்புமிகு தலைவர் ஆளவந்தார் அவர்களே, வணக்கம். காற்றுக்குழா—'

அரை விநாடி முடிந்தது. அடுத்த குறுமூளை ஆரம்பித்தது: 'செங்கோளின் சிங்கமே...'

"அடப்பாவமே! சொல்ல வந்ததைச் சொல்லவே விடலியே. இதை யாரு சார் சேர்க்கச் சொன்னது?"

"தலைவர் ஒருநாள் திரையைப் பார்த்தாரு. 'காற்று குறைவு'ன்னு மொட்டையா வந்துது. மனசு கஷ்டப்பட்டாரு."

"இப்ப இருநூத்திப் பன்னெண்டு பேரு கஷ்டப்படுறாங்க. வணக்கத்தை எடுத்துடறேன்."

"ஐயோ, எடுக்காதீங்க! என் வேலை போயிடும்."

மரகதம் எடுக்கவில்லை. கடைசிக்கு நகர்த்தினாள். 'காற்றுக்குழாய் எட்டில் அடைப்பு. செங்கோளின் சிங்க—' என்று வந்தது. எட்டாம் குழாயைத் தட்டினாள். காற்று வந்தது.

"மத்த வளையத்துக்கும் இன்னிக்கே மாத்தணும் சார்."

"தலைவர் வாயால சொல்லணும்மா. சாயங்காலம் உங்களுக்குப் பாராட்டு விழா. அங்கேயே கேட்டுடுங்க."

விழா முதல் வளையத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் பதினாலு பேர். ஒவ்வொருவரும் மற்ற பதிமூன்று பேரையும் விளித்த பிறகே பேசினார்கள். மண்டபத்துக் குறுமூளையும் ஒரு மணி நேரமாக ஏதோ சொல்லப் பார்த்து, வணக்கம் வரைக்கும் வந்து வந்து நின்றது.

மரகதத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். நிமிடம் முடிந்தால் மைக் தானாக அணையும். நேராக விஷயத்துக்குப் போய்விட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், மேடையேறி எதிரே அத்தனை தலைகளைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, மதிப்புக்குரிய செயலர் அவர்களே, வளைய உறுப்பினர்களே, வரவேற்புரை ஆற்றிய..."

பதினாலாவது ஆளை முடித்து, "நம்ம குறுமூளைங்க எல்லாத்துலயும் இந்த வணக்..." என்றபோது மைக் அணைந்தது.

என்ன அடக்கம் என்று மண்டபமே கைதட்டியது. அவள் கத்தியது அதில் அமுங்கிப்போனது. சிங்காரவேலு பொன்னாடையைப் போர்த்தி அவளைக் கீழே இறக்கிவிட்டார்.

மண்டபத்தில் இருபது நிமிடக் காற்று இருந்தது. அடுத்துப் பேச வந்தவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.